தண்ணீர் லாரிக்கு ஐந்து கியர்

கிளச் மிதியே இல்லாத லாரி கோவில்பட்டிக்கு வந்துவிட்டது. போன மாதம் பைபாஸ் ஓரத்தில் நின்ற ஒன்றை எங்கள் மெக்கானிக் சங்கத்துப் பையன்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஏறி உட்கார்ந்தேன். இடது காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சும்மா வச்சிருங்க அண்ணாச்சி, அதுக்கு இனிமே வேலை இல்ல" என்றான் ஒருவன். நாற்பது வருடம் கியர்பாக்ஸ் வேலை பார்த்தவனிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கையோடு இன்னொன்றும் கேட்டார்கள். சங்க மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம், இளைய தலைமுறைக்குப் பயன்படுமாம். லேப்டாப்பைச் செருகி லாரிக்கு நாடி பார்க்கிற தலைமுறைக்கு நான் என்ன பயன்படப் போகிறேன்? ஆயில் விளம்பரத்துக்கும் டயர் விளம்பரத்துக்கும் நடுவில் நாலு பக்கம் காலியாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சரி, நிரப்பித் தருகிறேன்.

சாதனைகளை எழுதச் சொன்னார்கள். சாதனை என்று ஒன்றும் இல்லை. ஒரு தப்பு இருக்கிறது, ஒரு பொய் இருக்கிறது. இரண்டும் ஒரே கியர்பாக்ஸில் நடந்தவை.

தொழில் படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இபுராகிம் பாய் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவினேன். நான் நன்றாகக் கழுவுவதாக பாய் ஒரு நாள் பாராட்டினார். ஆகவே மூன்றாம் வருடமும் கழுவினேன். நான்காம் வருடம் கையில் ஸ்பேனர் வந்தது. அவ்வளவுதான் என் கல்லூரிப் படிப்பு.

பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏலே மாடசாமி" என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். "வாங்க மாடசாமி" என்றால் எங்கோ ஒரு நட்டு இறுக்கப்படாமல் இருக்கிறது என்று அர்த்தம். "மாடசாமி சார்" என்று அவர் என்னைக் கூப்பிட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அது பின்னால் வரும்.

அவருடைய நடைமுறை ஒன்றே ஒன்று. பெட்டியைத் திறப்பதற்கு முன் அதைக் கேட்க வேண்டும். ஒரு முழ நீள ஸ்குரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்த பேரிங், எந்தப் பல் என்று சொன்ன பிறகுதான் போல்ட்டில் கை வைப்போம். ஒரு தடவை நாகலாபுரத்திலிருந்து ஒரு பருத்தி லாரி வந்தது. கியர்பாக்ஸில் கடகடவென்று சத்தம். அதற்கு முன்பே இரண்டு பட்டறைகளில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நல்ல பேரிங்குகளை எல்லாம் கழற்றிப் புது பேரிங் போட்டு அனுப்பியிருந்தார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. பாய் ஸ்குரூடிரைவர் வைத்துக் கேட்டார். பிறகு வண்டியில் ஏறி எட்டயபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது அவர் கையில் டிரைவரின் தூக்குச்சட்டி இருந்தது.

"கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. இந்தச் சட்டிக்குத்தான் மூடி லூசு. பாத்திரக் கடையில காட்டுங்க" என்றார்.

அன்றிலிருந்து நானும் ஒரு நீள ஸ்குரூடிரைவர் வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணை மூடவும் பழகிக்கொண்டேன். கண்ணை மூடுவதுதான் வித்தை என்று நினைத்தேன். பாயின் வித்தை அந்தக் காதில் மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது.

இனி அந்த லாரிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்தது. தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிற ஒரு குடும்பம், பேர் வேண்டாம். அவர்களுடைய தாத்தா முதன்முதலில் வாங்கிய மூக்கு லாரி ஒன்று இருந்தது. இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற பழைய வண்டி. சரக்கு ஏற்றுகிற வயது போனதும் முதுகில் ஒரு தொட்டியை வைத்துத் தண்ணீர் லாரி ஆக்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே கரிசலுக்கு நடுவில் இருக்கிற கிணற்றிலிருந்து, அவர்கள் லாரிகள் நிற்கிற டிப்போவுக்கும் கம்பெனி யூனிட்டுகளுக்கும் தண்ணீர் அடிப்பது அதன் வேலை. அதன் காகிதங்களைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

அதை ஓட்டியவர் செல்லையா அண்ணாச்சி. முப்பது வருடமாக வேறு யாரும் அந்த வண்டியை ஓட்டியதில்லை, ஓட்டவும் முடியாது. காரணம் கியர்பாக்ஸ். நாலு கியர், ஒன்றிலும் சின்க்ரோ கிடையாது. இந்தக் காலத்துப் பையன்களுக்காகச் சொல்கிறேன்: சின்க்ரோ என்பது சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சண்டையில்லாமல் சேர்த்துவைக்கிற வளையம். அது இல்லாத பெட்டியில் அந்தச் சமாதானத்தை டிரைவர்தான் செய்ய வேண்டும். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போக வேண்டும். கீழ்க்கியருக்கு இறங்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரை ஓர் உறுமு உறுமவிட வேண்டும். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மிதி. அந்தக் கிளச்சும் பஞ்சு மெத்தை இல்லை. முப்பது வருடம் மிதித்ததில் செல்லையா அண்ணாச்சியின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றாராம். அண்ணாச்சிக்கு மாடியே கிடையாது என்பதால் டாக்டர் சொன்னதைத் தவறாமல் கடைப்பிடித்து வந்தார்.

ஒரு மழைக்குப் பிறகு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிணற்றுப் பாதையில் வரும்போது முழங்கால் மடங்கவில்லை. கியர் மாற்றுகிற நேரத்தில் இரண்டாவது மிதி விழவில்லை. வண்டி நியூட்ரலில் நின்றுவிட்டது. ஈரக் கரிசலில் லோடு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் முடிந்தது கதை. அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாரத்தைக் குறைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரும் அதே கரிசலில்தான் இறங்கியது. இரண்டு நாள் கழித்து இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தார்கள்.

அதோடு அந்தக் குடும்பத்தின் வாரிசு முடிவு செய்துவிட்டார். நிர்வாகப் படிப்பெல்லாம் படித்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார். பேசுகிறபோது நடுவில் கையை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார், ஏதோ ஒரு பெட்டியைத் திறப்பதுபோல. "லாரியைக் காயலாங்கடைக்குப் போடுங்க, டிரைவரை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. டிரைவரின் வீடு அந்த டிப்போவில்தான் இருந்தது. வேலையோடு சேர்த்துக் கொடுத்த ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் சாய்ப்பு. செல்லையா அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் அதில்தான் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சொந்த ஊரான இடைசெவலில் இருந்த வீடு எப்போதோ பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. லாரி போனால் வேலை போகும், வேலை போனால் அறை போகும். அவர்கள் போவதற்கு வேறு இடம் இல்லை.

வாரிசின் அப்பாவை எல்லோரும் பெரியவர் என்போம். அவருக்கு லாரியையும் விட மனசில்லை, செல்லையாவையும் விட மனசில்லை. பட்டறைக்கு வந்து பாயிடம் கேட்டார்.

"மிதிக்க லேசா ஒரு கியர்பாக்ஸ் இதுல மாட்ட முடியுமா பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். "ஏலே மாடசாமி, முடியுமா?"

"மாட்டிரலாம் பாய்" என்றேன். வாய்க்குள் ஒரு நிமிடம் வைத்திருந்து சொல்லியிருக்கலாம்.

மதுரையில் லாரி உடைக்கிற கடை ஒன்றில் அதே கம்பெனியின் பிந்தைய வண்டியிலிருந்து ஐந்து கியர் பெட்டி கிடைத்தது, பேரிங் மட்டும் புதிதாகப் போட்டேன். முன்னோக்கிப் போகிற கியரில் எல்லாம் சின்க்ரோ, ஒரே மிதி போதும். கிளச்சும் அந்த வண்டியினுடையது, கால் வைத்தால் இறங்கும். ஒரே கம்பெனிதானே என்று சந்தோஷப்பட்டேன். ஒரே கம்பெனிதான், ஆனால் பழையதைச் செய்தவர்களும் புதியதைச் செய்தவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்பது டிப்போவில் பழைய பெட்டியை இறக்கிய பிறகு தெரிந்தது.

முதலில் கிளச் தட்டு. இன்ஜினிலிருந்து பெட்டிக்குள் போகிற ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டுப் பற்கள் இருக்கும், தட்டின் நடுத்துளை அதில் பொருந்த வேண்டும். பழைய தட்டு புது ஷாஃப்ட்டில் ஏறவில்லை. ஆகவே புது வண்டித் தட்டு. அந்த ஷாஃப்ட்டின் நுனி, இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன பேரிங்கில் உட்கார வேண்டும். அங்கே துளை பெரிது, நுனி சிறிது. லேத்தில் கொடுத்து ஒரு வளையம் கடைந்து ஏற்றினோம். அடுத்தது கிளச் வீடு, அதாவது இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கிற கூடு. எட்டு போல்ட்டில் ஆறு பொருந்தின. இரண்டு துளை புதிதாகப் போட்டேன். போட்டு இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

பாய் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிவிட்டதால் குனிவதில்லை, கேள்வி மட்டும்தான்.

"சென்டர் பாத்தியா?"

"பாத்தேன் பாய். ஒரு முடி அளவுதான் விலகியிருக்கு."

"முடிதான்னு சொல்லுதே. அது உன் கண்ணுல விழுந்தாலும் அப்படித்தான் சொல்லுவியா?"

டயல் கேஜ் என்று ஒரு கருவி உண்டு, கடிகாரம் மாதிரி முள்ளோடு. அதை ஃப்ளைவீலில் கட்டி, இன்ஜினைக் கையால் சுற்றி, முள்முனையைக் கிளச் வீட்டின் வட்டத்தில் ஓடவிட வேண்டும். முள் அசைந்தால் இன்ஜினின் மையமும் பெட்டியின் மையமும் ஒன்றில்லை என்று அர்த்தம். அப்படியே மாட்டினால் ஆறு மாதத்தில் பேரிங் போகும், கிளச் அதிரும். நான்கு தடவை தளர்த்தி, தட்டி, நகர்த்தி, இறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் பாய் முள்ளைக் கேட்டார், நான் சொன்னேன், அவர் தலையை ஆட்டவில்லை. ஐந்தாவது தடவை முள் நின்ற இடத்தில் நின்றது. அந்த நிலையிலேயே ஊசித்துளை போட்டு இரண்டு பின் அடித்துப் பூட்டினேன். அந்தக் கூடு இனி எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில்தான் உட்காரும்.

பெட்டி நாலு விரல் நீளம் கூட. ஆகவே அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளினேன். பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நாலு விரல் குறைக்க வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன் அதன் நீளம் முழுக்க ஒரு நேர்கோடு கீறினேன். வெட்டிய பிறகு கோட்டோடு கோடு சேர்த்துப் பற்றவைத்தால்தான் இரண்டு முனையிலும் கவை மாதிரி இருக்கிற மூட்டுகளும் ஒரே தளத்தில் நிற்கும், இல்லாவிட்டால் வண்டிக்குக் குளிர் ஜுரம் வரும். கியர் கம்பி பழைய இடத்துக்குப் பின்னால் முளைத்தது. தரைத் தகட்டை வெட்டி, கம்பியைக் காய்ச்சி, செல்லையா அண்ணாச்சியின் முழங்காலில் இடிக்காதபடி வளைத்தேன். அந்த வளைவில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

வாங்கி வந்த பெட்டியின் கம்பி முனையில் கியர் வரிசை செதுக்கிய கறுப்புக் குமிழ் ஒன்று இருந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "அப்பா கை பட்ட குமிழு இருக்கட்டும்" என்றார். பழைய வெள்ளைக் குமிழை மாட்டினேன். அதில் எழுத்தும் இல்லை, கோடும் இல்லை. கறுப்புக் குமிழ் என் டூல்ஸ் பெட்டிக்குள் போனது.

எல்லாம் முடிந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் பெரியவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பூஜை போடாம உருளக் கூடாது. இதயத்தையே மாத்தியிருக்கோம். முதல் உருட்டு எலுமிச்சம்பழத்து மேலதான்."

ஓடாமல் எப்படிச் சோதிப்பது? பின் அச்சைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். சக்கரம் காற்றில் சுற்றும், வண்டி ஓர் அடி நகராது, சாமிக்கும் குற்றமில்லை. செல்லையா அண்ணாச்சி மேலே ஏறி உட்கார்ந்தார். நான் வண்டிக்கடியில் படுத்து, ஸ்குரூடிரைவரைப் பெட்டியில் வைத்து, காதைக் கொடுத்து, பாயைப் போலவே கண்ணை மூடிக்கொண்டேன்.

இங்கே வரிசையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். பழைய பெட்டியில் இடது வரிசையில் முன்னால் தள்ளினால் ஒன்று, பின்னால் இழுத்தால் இரண்டு. நடுவில் மூன்று, நான்கு. வலது ஓரத்தில் பின்னால் ரிவர்ஸ், வலது முன்னால் காலி. புதுப் பெட்டியில் இடது முன்னால் ரிவர்ஸ், இடது பின்னால்தான் ஒன்று. அப்படியே வரிசையாகப் போய் வலது பின்னால் ஐந்து. அதாவது அண்ணாச்சியின் கை முப்பது வருடமாக எங்கே ஒன்றாம் கியரைத் தேடுமோ, அந்த இடத்தில் இப்போது ரிவர்ஸ் உட்கார்ந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும். வேலை ஆரம்பித்த நாளிலிருந்தே தெரியும். இவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயத்தை அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒண்ணு போடுங்க அண்ணாச்சி!" என்று அடியிலிருந்து கத்தினேன்.

"விழுந்துட்டு!"

பெட்டி உய்ய்ய் என்று பாடியது. ரிவர்ஸ் கியர் மட்டும்தான் அப்படிப் பாடும், அதன் பல் நேராக வெட்டியது. தொழிலில் நாற்பது வருடத்தை நெருங்கியவன் அதைக் கேட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "பேரிங் புதுசு அண்ணாச்சி, ஒண்ணுல கொஞ்சம் பாடும். ஓட ஓடச் சரியாயிரும்." கண்ணைத் திறந்து தலையைத் திருப்பியிருந்தால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்திருக்கும். கண்ணை மூடிக் கேட்கிற மேதைக்கு அதெல்லாம் எதற்கு?

பிரேக் போட்டுச் சக்கரத்தை நிறுத்தி, அடுத்தது, பிறகு அடுத்தது என்று போனோம். அவர் இரண்டு என்றது உண்மையில் ஒன்று. மூன்று என்றது இரண்டு. "அஞ்சு எங்கன இருக்கு?" என்று கேட்காமலே, பழைய பெட்டியில் காலியாக இருந்த வலது முன் இடத்தில் தள்ளினார், அது நான்கு. கடைசியாக ரிவர்ஸ் என்றேன். வலது பின்னால் இழுத்தார். ஐந்தாம் கியர் விழுந்தது. சத்தமே இல்லை.

"ரிவர்ஸ் பாத்தீங்களா பாய்?" என்று வெளியே வந்து பெருமையடித்தேன். "இவ்வளவு அமைதியா ஒரு ரிவர்ஸை நான் கேட்டதே இல்ல."

பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் டீ கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பூஜை அன்று டிப்போ நிறைய ஆள். லாரியைக் கட்டையிலிருந்து இறக்கி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீர். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள். வாரிசு அந்த வாரம்தான் ஒரு புதுக் கார் வாங்கியிருந்தார். ஒரே பூஜையாகப் போகட்டும் என்று அதையும் பொட்டு வைத்து லாரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். நிர்வாகத்தில் இதைச் சிக்கனம் என்பார்களாம்.

பூசாரி சூடம் காட்டி, தேங்காயை உடைத்தார். பேச்சியம்மாள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சேலை. செல்லையா அண்ணாச்சி குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடது முன்னால் தள்ளி, கிளச்சை விட்டார்.

லாரி பின்னால் போனது. தரை சரிவு, வண்டி உருளுகிறது என்று நினைத்து எந்த டிரைவரும் செய்வதை அவரும் செய்தார். ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். அது இன்னும் வேகமாகப் பின்னால் போனது. தொட்டியின் வால்வுக் குழாய் காரின் மூக்கில் ஏறியது, வால்வு முறிந்தது, அத்தனை தண்ணீரும் காரின் கண்ணாடி வழியாக வழிந்து மண்ணில் இறங்கியது. ஒருவருக்கும் அடியில்லை. எலுமிச்சம்பழங்களுக்கும் அடியில்லை, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

அண்ணாச்சி இறங்கி வந்தார். பெரியவரிடம் போய்ச் சாவியை நீட்டினார். "என்ன நடந்துச்சுன்னே தெரியல முதலாளி. ஒண்ணுதான் போட்டேன்."

"இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்று பெரியவரைக் கேட்டார் வாரிசு. குரல் கூட உயரவில்லை. கையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். "முன்னால எது, பின்னால எதுன்னு தெரியல. வயசாயிட்டுப்பா. நான் அன்னைக்கே சொன்னேன்."

பேச்சியம்மாள் வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள். அவள் உள்ளே போனதைத்தான் நான் பார்த்தேன். அந்த உய்ய்ய் சத்தம் அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. பேசாமல் நின்றால் என் தப்பு யாருக்கும் தெரியாது, ஒரு கிழவனின் வயது அதைச் சுமந்துகொள்ளும். அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டு நிமிடம் பேசாமல்தான் நின்றேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நாற்காலியிலிருந்து பாய் கூப்பிட்டார். "மாடசாமி சார். நீங்க ஏதும் சொல்லணுமா?"

முன்னால் போனேன். "தப்பு என்னோடது முதலாளி. ரிவர்ஸும் ஒண்ணும் இடம் மாறியிருக்கு. நான் அண்ணாச்சிட்ட சொல்லல. சோதிக்கும்போது ரிவர்ஸ் சத்தம் காதுல விழுந்துச்சு, பேரிங்னு நெனச்சுட்டேன். அவிய மேல ஒரு குத்தமும் இல்ல." டூல்ஸ் பெட்டியிலிருந்து கறுப்புக் குமிழை எடுத்துக் காட்டினேன்.

வாரிசு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். யோசித்தார், அது அதைவிட மோசம்.

"அப்போ பெட்டி நல்லா இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி."

"ஒரு மிதி போதும், கார் மாதிரி?"

"ஆமா தம்பி."

"அப்போ இதை யாரு வேணாலும் ஓட்டலாம்லா? இவியதான் ஓட்டணும்னு இனிமே இல்லையே?"

முழங்காலுக்காக மாட்டிய பெட்டி இது. அந்த மனிதரை அந்த லாரியோடு கட்டி வைத்திருந்தது அந்தப் பாழாய்ப்போன பழைய பெட்டிதான் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. முள் அசையாமல் சென்டர் பார்த்து, முழங்காலில் படாமல் கம்பி வளைத்து, அவர் வேலைக்கே நான் உலை வைத்திருக்கிறேன்.

நாற்பது வருடத்தில் ஒரு கியர்பாக்ஸைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"அப்படி இல்ல தம்பி. பழைய இன்ஜினு, புதுப் பெட்டி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. முப்பது வருஷம் ஓட்டுன கைக்கே இன்னைக்கு இப்படி ஆச்சு. புது ஆள்ட்ட குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. கரிசல்ல வேற ஓடணும்."

சொல்லிவிட்டு பாயைப் பார்த்தேன். தூக்குச்சட்டி மூடிக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர். இப்போது என் மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

பாய் தாடியைத் தடவினார். "அவன் சொல்லுதது குறைச்சல் தம்பி. காலை விடும்போது கிளச் கடிக்கிற இடம் இருக்கே, அது காலுக்குக் கால் மாறும். ஒரு காலுக்குப் பழகிட்டா இன்னொரு காலுக்கு வராது. இது செல்லையா காலுக்கு வச்சது."

இப்படி ஒரு விஷயத்தை உலகத்தில் எந்த மெக்கானிக்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். பெரியவர் உடனே, "ஆமா, அப்பாகூடச் சொல்லுவாவ" என்றார். அவர் அப்பா கியர்பாக்ஸைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் செல்லையா அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன மாடசாமி இப்படிச் சொல்லுதே? இதுல என்ன கஷ்டம்? வெண்ணெய் மாதிரில்லா விழுது! சின்னப் புள்ளகூட—"

"செல்லையா" என்றார் பாய். "முழங்கால் வலிக்கும். போய் உக்காரு."

வாரிசு எங்கள் நாலு பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். "சரி. அப்போ அவியளே ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்க்கப் போனார். படித்தவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று பட்டறைக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். பாய் சிரிக்கவில்லை. "அந்த உய்ய்ய் சத்தம் எனக்கும் கேட்டுச்சு, நானும் கேக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

செல்லையா அண்ணாச்சி அதன் பிறகு நாலு வருடம் ஓட்டினார். ஒரு தடவைகூடக் கரிசலில் நிற்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் வாரிசைப் பார்க்கும்போதெல்லாம் பொய்க்கு எண்ணெய் விட்டு வைப்பேன். "அந்தப் பெட்டி எப்படித் தம்பி? ரொம்பச் சண்டித்தனம் பண்ணுமே?" என்பேன். "அதை ஓட்ட ஒரு ஆளால்தான் முடியும்" என்பேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தி அவரே போன் செய்தார். அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை விழுந்து, வண்டி ஓட்டுவதை அவராகவே விட்டுவிட்டாராம். டிப்போவில் ஒரு சின்ன மரியாதை செய்கிறார்கள், நானும் பாயும் வர வேண்டும் என்றார். எனக்கு அறை ஞாபகம்தான் முதலில் வந்தது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"ரூம்ல அவியளே இருக்கட்டும்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. டிரைவர்தான் மாறுதான். சரி, புது ஆளுக்கு எத்தனை நாள் பழக்கணும்?"

"ஒரு மாசமாவது ஆகும் தம்பி" என்றேன். பழக்கம் விடவில்லை. "அந்தக் கிளச் கடிக்கிற இடம் இருக்கு பாருங்க..."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, பூஜைக்கு மறுநாள் அவிய ரெண்டு பேரும் இடைசெவல் போயிருந்தாவ. சாவி எங்க வீட்டுலதான இருந்துச்சு. நான் எடுத்துக் கிணறு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். நான் லாரியே ஓட்டுனது கிடையாது. என் காரை விட லேசா இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"எங்க அப்பா பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. அன்னைக்குத்தான் பாத்தேன். மூணு பேரும் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னீய. அதுக்கப்பறம் என்ன சொல்ல?"

போனை வைத்தேன். கட்டுரையில் அவரைப் பற்றி மேலே எழுதியிருக்கிற கிண்டல்களை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு, அன்றைக்கு நான் எப்படி நினைத்தேனோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு வருடம் கடைத்தெருவில் அவரை நிறுத்திவைத்து அந்தப் பெட்டியின் சண்டித்தனத்தை விளக்கியிருக்கிறேன். வெயிலில் நின்று, காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் "அப்படியா அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டார்.